துருக்கிக் கம்பளக் கண்காட்சிக்குப் போகும் முன்

இஸ்தான்புல்லில் நீல மசூதிக்கு எதிரே, பைசாந்தியர் காலத்தில் தேர்ப்பந்தயம் நடந்த மைதானத்தின் ஓரமாக ஒரு கல் மாளிகை நிற்கிறது. சுல்தான் சுலைமானின் முதலமைச்சராக இருந்த இப்ராஹிம் பாஷாவின் வீடு அது. இப்போது துருக்கி, இஸ்லாமியக் கலைகளின் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. 1914-ல் சுலைமானியா மசூதி வளாகத்தில், ஏழைகளுக்குச் சோறு போட்டுவந்த கூடத்தில் ஆரம்பித்த இந்த அருங்காட்சியகம் 1983-ல் இந்த மாளிகைக்குக் குடிவந்தது. இவர்கள் கையில் ஏறக்குறைய 1,700 கம்பளங்கள் உண்டு. பழைய துருக்கிக் கம்பளங்களின் கதையைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் கம்பள அரங்கு என்றாலே பலர் பத்து நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? உள்ளே வெளிச்சம் குறைவு. எங்கு திரும்பினாலும் சிவப்பும் நீலமும், ஒன்றைப் போலவே இன்னொன்று. சில கிழிந்து பாதிதான் மிச்சம். பக்கத்தில் இருக்கும் சிறு பலகையில் ‘ஹோல்பைன் வகை, 15-ம் நூற்றாண்டு’, ‘லோட்டோ வகை, 16-ம் நூற்றாண்டு’ என்று போட்டிருக்கும். ஹோல்பைன் ஜெர்மன் ஓவியர், லோட்டோ இத்தாலிய ஓவியர். துருக்கியில் யாரோ ஒரு பெண் நெய்த கம்பளத்தில் இவர்கள் பெயர் எப்படி ஏறியது?

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பழைய கம்பளங்களில் நெய்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, வருஷமும் இல்லை. காலால் மிதித்துத் தேய்த்துத் தூக்கிப் போடுவதற்காகவே செய்த பொருள் இது. அப்படியிருக்க, ‘13-ம் நூற்றாண்டு’ என்று பலகையில் எழுதியவருக்கு அது எப்படித் தெரிந்தது? இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் அரங்கு வேறு மாதிரி தெரியும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. துணியும் கம்பளியும் இருக்கும் அரங்குகளில் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது என்பது அருங்காட்சியகங்களின் பொதுவான வழக்கம். ஒரு சாதாரண அலுவலக அறையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் இது. சாயம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும், வெளுத்தது திரும்ப வராது. வாசலில் இரண்டு நிமிடம் சும்மா நின்றுவிட்டுப் போங்கள், கண் பழகிவிடும்.

முதலில் முடிச்சு

கம்பளம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு ஜாதி உண்டு. துருக்கியில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்: கிலிம், ஹலி. கிலிம் என்பது தட்டையான நெசவு. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் முழுவதையும் குறுக்கே ஓடும் ஊடை நூல் மூடிவிடும், வண்ணம் எல்லாம் ஊடையில்தான். நம்ம பவானி ஜமுக்காளத்தைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஹலி அப்படியல்ல. அதில் மேல்பக்கம் புல்வெளி மாதிரி மயிர் நிற்கும். அந்த ஒவ்வொரு மயிரும் தனியாகக் கட்டிய ஒரு முடிச்சின் நுனி.

முடிச்சு போடுவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். தறி செங்குத்தாக நிற்கிறது. பாவு மேலிருந்து கீழாக வீணைக் கம்பி போல இழுத்துக் கட்டியிருக்கிறது. நெய்பவள் அதற்கு முன்னால் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேலே வண்ண வண்ணமாக நூலுண்டைகள் தொங்குகின்றன. ஒரு நூலை இழுக்கிறாள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பாவு இழைகளுக்கு முன்புறமாக அதை வைத்து, இரண்டு நுனிகளையும் வெளிப்பக்கமாகப் பின்னால் சுற்றி, இரண்டு இழைகளுக்கும் நடுவே முன்பக்கம் கொண்டுவந்து, கீழே இழுத்துக் கத்தியால் வெட்டுகிறாள். ஒரு முடிச்சு முடிந்தது. பழகிய கைக்கு இதெல்லாம் சில நொடி வேலை. இப்படி ஒரு வரிசை முழுக்கக் கட்டி முடித்ததும் ஊடை நூலை, பெரும்பாலும் இரண்டு முறை, குறுக்கே ஓட்டுகிறாள். கிர்கித் என்கிற கனமான சீப்பால் ‘டக் டக்’ என்று அடித்து வரிசையை இறுக்குகிறாள். நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்குகிறாள். அப்புறம் அடுத்த வரிசை.

இரண்டு இழைகளையும் ஒரே மாதிரி சுற்றுவதால் இதைச் சமச்சீர் முடிச்சு என்பார்கள். துருக்கி முடிச்சு என்றும், கோர்தெஸ் என்ற ஊரின் பெயராலும் சொல்வதுண்டு. பாரசீகத்தில் அதிகம் புழங்குவது இன்னொன்று: நூல் ஓர் இழையை முழுதாகச் சுற்றும், அடுத்ததற்குப் பின்னால் சும்மா ஓடி வெளியே வந்துவிடும். அதில் வளைவுகளை நுணுக்கமாகக் கொண்டுவருவது எளிது. துருக்கி முடிச்சு முரட்டுத்தனமானது, கெட்டியாகப் பிடிக்கும்.

‘துருக்கி முடிச்சு’ என்ற பெயரை மட்டும் ரொம்ப நம்பிவிடாதீர்கள். ஈரானில் தப்ரீஸ் நகரத்து நெசவாளர்கள் போடுவதும் இதே முடிச்சுதான். அதேபோல, இன்று துருக்கி என்கிற நிலத்தில் துருக்கியர் மட்டும் நெய்யவில்லை. குர்துகள், ஆர்மீனியர், கிரேக்கர் எல்லோரும் நெய்திருக்கிறார்கள். ஒரு கம்பளத்தைப் பார்த்து நெய்தவளின் தாய்மொழி என்ன என்று சொல்வது பெரும்பாலும் நடக்காத காரியம். அதனால்தான் ஆராய்ச்சியாளர்களில் பலர் ‘அனத்தோலியக் கம்பளம்’ என்று நிலத்தின் பெயரால் குறிப்பிடுவதையே விரும்புகிறார்கள் (துருக்கியின் ஆசியப் பகுதிக்குத்தான் அனத்தோலியா என்று பெயர்).

முடிச்சைத் தெரிந்துகொண்டால் வடிவமும் புரிந்துவிடும். ஒரு முடிச்சு ஒரு புள்ளி. கைப்பேசித் திரையில் படம் தெரிவது போலத்தான் இதிலும் படம் தெரிகிறது. சதுர செ.மீ.க்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளிதான் என்றால் வட்டம் வரையவே முடியாது, எண்கோணம்தான் வரும். ரோஜா வராது, நட்சத்திரம் வரும். கிராமத்துக் கம்பளங்கள் கோணல் கோணலாக, கட்டம் கட்டமாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான். ரசனை, மதம், மரபு எல்லாம் அதற்குப் பிறகு. எதிர்முனையில், 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பெயர் வாங்கிய, ஹெரெகே என்ற துருக்கி ஊரின் பட்டுக் கம்பளத்தைப் பாருங்கள். ஒரு செ.மீ. நீளத்தில் 10 முடிச்சு, அகலத்தில் 10. சதுர மீட்டருக்குப் பத்து லட்சம்! ஒருத்தி நாளுக்கு 8,000 முடிச்சு போடுகிறாள் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு சதுர மீட்டர் முடிக்க 125 நாள் ஆகும். அதில் ரோஜா வரும், அதன் நிழலும் வரும்.

பனிக்கட்டி, மசூதி, ஓவியம்

சரி, காலம் எப்படித் தெரிந்தது? சுருக்கமாகச் சொன்னால், தற்செயலாக.

1949-ல் சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் பஸிரிக் என்ற இடத்தில் செர்கே ருடென்கோ என்ற சோவியத் தொல்லியலாளர் ஒரு பழைய தலைவனின் கல்லறை மேட்டைத் தோண்டினார். உள்ளே, பனிக்கட்டிக்குள், ஒரு கம்பளம். கிட்டத்தட்ட 2 மீட்டருக்கு 1.83 மீட்டர். ஓரத்தில் குதிரைவீரர்கள் வரிசை, அதற்குள்ளே கொம்பு விரிந்த மான்கள் வரிசை. வண்ணம்கூட முழுதாகப் போகவில்லை. வயது சுமார் 2,400 வருஷம். இன்று அது ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது பிழைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டியது திருடர்களுக்குத்தான். பழைய காலத்திலேயே யாரோ கல்லறையில் ஓட்டை போட்டுப் பொன்னை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உறைந்தது, உறைந்தது உறைந்தபடியே இருந்தது. அதில் இருப்பது சதுர செ.மீ.க்கு 36 சமச்சீர் முடிச்சு, மொத்தம் 12 லட்சத்துக்கு மேல். கைபழகாத ஆள் போட்ட முடிச்சுகள் இல்லை அவை. இந்தக் கலை அதற்கும் பல தலைமுறை முன்னாலேயே பிறந்திருக்க வேண்டும். இது எங்கே நெய்தது என்பதில் மட்டும் சண்டை ஓயவில்லை. பாரசீகம் என்பார்கள், ஆர்மீனியா என்பார்கள், நாடோடிகளுடையது என்பார்கள். நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை.

பஸிரிக்கிலிருந்து ஒரே தாவலாக 13-ம் நூற்றாண்டுக்கு வரவேண்டியிருக்கிறது. நடுவே கிடைத்திருப்பவை பெரும்பாலும் துண்டு துணுக்குகள்தான். 1071-ல் மன்சிகர்த் போரில் பைசாந்தியப் படையைத் தோற்கடித்த செல்ஜுக் துருக்கியர் அனத்தோலியாவில் பரவினார்கள். அவர்கள் தலைநகர் கோன்யா. அங்கே சுல்தான் அலாவுதீன் கைகுபாத் 1220 வாக்கில் விரிவாக்கிக் கட்டிய மசூதி இன்றும் இருக்கிறது. 1905-ல் அந்த மசூதியில், பிற்காலத்துக் கம்பளங்களுக்கு அடியில், எட்டுப் பழைய கம்பளங்கள் கண்ணில் பட்டன. சில பெரியவை, மற்றவை கிழிசல். பிறகு 1930 வாக்கில் பக்கத்துப் பெய்ஷெஹிர் ஊரில், 1299-ல் கட்டி முடித்த எஷ்ரெஃபோலு மரத்தூண் மசூதியிலும் இன்னும் சில கிடைத்தன. இந்த மசூதி 2023-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. எகிப்தில் பழைய கெய்ரோவின் குப்பை மேடுகளிலிருந்தும் துண்டுகள் வந்தன.

மசூதியில் எப்படிச் சேர்ந்தன? வேண்டுதலாகவும், இறந்தவர் நினைவாகவும் மசூதிக்குக் கம்பளம் கொடுப்பது அங்கே வழக்கம். கொடுத்ததைத் தூக்கி எறியக்கூடாது. அது அறக்கட்டளைச் சொத்து. பழையது தேய்ந்தால் அதன் மேலேயே புதியதை விரிப்பார்கள். அதற்கு மேல் இன்னொன்று. இப்படி நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கு ஏறிக்கொண்டே போனது. அடியில் இருந்ததை வெயிலும் தொடவில்லை, செருப்பில்லாத காலும் தொடவில்லை. கூட்டிப் பெருக்கும் வழக்கம் கொஞ்சம் அதிகமாக இருந்திருந்தால் செல்ஜுக் கம்பளம் என்ற ஒன்றே நமக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் கோன்யாக் கம்பளங்களில் சில இப்ராஹிம் பாஷா மாளிகையில் இருக்கின்றன. முழு அரங்கிலும் நீங்கள் அதிக நேரம் நிற்க வேண்டியது அவற்றின் முன்னால்தான். நடுப்பகுதியில் சின்னச் சின்ன எண்கோணம், நட்சத்திரம், கொக்கி என்று ஒரே வடிவம் வரிசை வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். அதுவும் இளஞ்சிவப்பின் மேல் கருஞ்சிவப்பு, இளநீலத்தின் மேல் கருநீலம் என்று அடக்கமாக. ஆனால் ஓரத்துக் கரைக்கு வந்தால் திடீரென்று எல்லாம் பெரிசு. கூஃபி என்ற பழைய அரபு எழுத்தின் சாயலில், ஆள் உயர ஈட்டிகளை நட்டுவைத்தது போல ஒரு வரிசை. படித்துப் பார்த்தால் எந்தச் சொல்லும் வராது. எழுத்து மாதிரி இருக்கும், எழுத்து இல்லை. உள்ளே கிசுகிசுத்துவிட்டு ஓரத்தில் சத்தம் போடுகிற இந்த அமைப்பை நான் வேறு எந்தக் கம்பளத்திலும் இவ்வளவு துணிச்சலாகப் பார்த்ததில்லை.

எழுத்துச் சாட்சிகளும் இருக்கின்றன. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, உலகிலேயே நேர்த்தியான கம்பளங்கள் இங்கேதான் நெய்யப்படுகின்றன என்று சொல்லியிருக்கிறார். 14-ம் நூற்றாண்டில் அக்சராய் ஊருக்கு வந்த இப்னு பதூதா, அங்கே ஆட்டுக் கம்பளியில் நெய்த கம்பளங்கள் சிரியா, எகிப்து, ஈராக், இந்தியா, சீனா வரை போகின்றன என்று குறிப்பு வைத்திருக்கிறார். இரண்டுமே நல்ல சாட்சிகள்தான். ஆனால் எந்தக் கம்பளம் எப்படி இருந்தது என்று அவர்கள் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர்கள் ஓவியர்கள். 14-ம் நூற்றாண்டிலிருந்து இத்தாலி வணிகர்கள், முக்கியமாக வெனிஸ்காரர்கள், அனத்தோலியக் கம்பளங்களைக் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். விலை அதிகம் என்பதால் ஐரோப்பாவில் அதைத் தரையில் போடவில்லை. மேசை மேல் விரித்தார்கள், திருவிழா நாளில் சன்னலில் தொங்கவிட்டார்கள், மாதாவின் சிம்மாசனத்துக்குக் கீழே போட்டார்கள். 1520-ல் இங்கிலாந்தின் கர்தினால் உல்சி வெனிஸ் தூதரை நச்சரித்து 60 கம்பளம் வரவழைத்துக்கொண்ட கதை பதிவாகியிருக்கிறது. படம் வரையக் கூப்பிட்ட பணக்காரர் தன் கம்பளமும் படத்தில் வரவேண்டும் என்று ஆசைப்படாமல் இருப்பாரா? ஓவியரும் மோதிரத்தைப் போலவே கம்பளத்தையும் முடிச்சு எண்ணாத குறையாக வரைந்து வைத்தார்.

ஓவியத்துக்கு வருஷம் தெரியும். அதனால் படத்தில் இருக்கும் கம்பளம் அந்த வருஷத்துக்கு முன்னால் நெய்தது என்பது உறுதி. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர்கள் கம்பளங்களை வகை பிரிக்க உட்கார்ந்தபோது கையில் வேறு துப்பு இல்லாததால் ஓவியர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஹோல்பைன் 1532-ல் வரைந்த ஒரு வணிகரின் படத்தில் மேசைமேல் சிறு எண்கோணங்கள் கொண்ட கம்பளம் விரித்திருக்கும். 1533-ல் இரண்டு பிரெஞ்சுக்காரர்களைத் தூதர்களாக வரைந்த புகழ்பெற்ற படத்தில் பெரிய வடிவம் கொண்ட இன்னொன்று. லோட்டோ 1542-ல் வெனிஸின் ஒரு தேவாலயத்துக்கு வரைந்த படத்தில், சிவப்பின் மேல் மஞ்சள் கொடி பின்னிய கம்பளம் தொங்கும். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், ‘சிறு ஹோல்பைன்’ வகைக் கம்பளம் 1451-லேயே ஓர் இத்தாலியச் சுவரோவியத்தில் வந்துவிட்டது. அப்போது ஹோல்பைன் பிறக்கவே இல்லை. அதனால் பலகையில் இந்தப் பெயரைப் பார்த்தால், ‘இந்த மாதிரி ஒன்றை அவர் ஒருமுறை வரைந்தார்’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அதை நெய்தவளுக்கும் வேறு சம்பந்தம் எதுவும் இல்லை.

மசூதி செய்த வேலையைச் சில இடங்களில் தேவாலயங்களும் செய்தன. 1886-ல் பெர்லின் அருங்காட்சியகத்துக்காக வில்ஹெல்ம் ஃபான் போடே ரோமில் வாங்கிய கம்பளத்தில் டிராகனும் ஃபீனிக்ஸும் சண்டை போடுகின்றன. அது இத்தாலியத் தேவாலயம் ஒன்றில் கிடந்தது. 1925-ல் ஸ்வீடனில் மார்பி என்ற கிராமத்துத் தேவாலயத்தில், மரத்துக்கு இருபுறமும் பறவைகள் நிற்கும் கம்பளம் இரண்டு துண்டாகக் கிடைத்தது. ருமேனியாவின் டிரான்சில்வேனியாப் பகுதியில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. அங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் 16-ம் நூற்றாண்டில் லுத்தரன் சபைக்கு மாறி, சிலைகளையும் படங்களையும் அகற்றிவிட்டார்கள். வெறும் வெள்ளைச் சுவருக்குக் கம்பளம் வந்தது. பிரஷோவ் நகரின் கறுப்புத் தேவாலயத்தில் இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட அனத்தோலியக் கம்பளங்கள் உண்டு. பல தொழுகைக் கம்பளங்கள்! மெக்காவின் திசை காட்டும் மாடம் நடுவில் நெய்தவை, பைபிள் வாசிக்கும் மேடைக்குப் பக்கத்தில் தொங்குகின்றன.

அதே பிரஷோவில் 20-ம் நூற்றாண்டில் தியோடர் டுடுக் என்றொருவர் இருந்தார். பழைய கம்பளங்களைப் போலப் புதிதாக நெய்து, தேய்த்து, மங்கவைத்து விற்றார். பெரிய பெரிய அருங்காட்சியகங்கள் ஏமாந்து வாங்கின. இன்று ‘டுடுக் கம்பளம்’ என்று அதற்கே தனியாகச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அரண்மனை உள்ளே வந்தபோது

15-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்கு அனத்தோலியாவின் உஷாக் ஊரில் கம்பளங்கள் திடீரென்று பெரிதாகின்றன. நடுவே ஒரு பெரிய பதக்கம், பக்கங்களில் பாதிப் பதக்கங்கள், வளைந்து ஓடும் கொடி. இது தறியில் பிறந்த வடிவம் இல்லை, புத்தக அட்டையில் பிறந்தது. இஸ்தான்புல் அரண்மனைச் சித்திரக்காரர்கள் காகிதத்தில் வரைந்து அனுப்ப, அதைப் பார்த்து உஷாக்கில் நெய்தார்கள்.

அரண்மனையின் ஆசை அதோடு நிற்கவில்லை. 1585-ல் சுல்தான் மூன்றாம் முராத் கெய்ரோவிலிருந்து 11 நெசவாளர்களைச் சாயம் போட்ட கம்பளியோடு இஸ்தான்புல்லுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டார். அந்த அரண்மனை வகைக் கம்பளங்களில் இருப்பது துருக்கி முடிச்சு இல்லை, பாரசீகத்தில் புழங்கும் மற்ற முடிச்சு. துலிப், கார்னேஷன், நீண்டு வளையும் இலை எல்லாம் ஓவியம் போலவே வருகின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் கோன்யாக் கம்பளத்தின் முரட்டுக் கரையைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இது கொஞ்சம் சர்க்கரை கூடிப்போன பாயசம்.

சாயம் சொல்லும் சாட்சி

அடுத்த முறை ஒரு பழைய கம்பளத்தைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கரும்பழுப்பு, கறுப்பு வண்ணக் கோடுகள் மட்டும் பள்ளமாக இருக்கும். சிவப்பும் நீலமும் மேடாக நிற்கும். யாரோ செதுக்கியது போலத் தெரியும். யாரும் செதுக்கவில்லை. கறுப்பு வருவதற்கு மாசிக்காயும் இரும்பும் சேர்ப்பார்கள். ஆமாம், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அதே மாசிக்காய்தான். அது ஓக் மரத்தில் பூச்சி உண்டாக்கும் முண்டு, அந்தப் பக்கத்து மரங்களில் நிறைய விளைவது. அதில் இருக்கும் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் நல்ல கறுப்பு வரும். ஆனால் இரும்பு மெல்ல மெல்லக் கம்பளியை அரித்துத் தின்னும். நூறு இருநூறு வருஷத்தில் கறுப்பு மயிர் மட்டும் உதிர்ந்து பள்ளமாகிவிடும்.

சிவப்பு வருவது ஒரு செடியின் வேரிலிருந்து. துருக்கியில் கோக்போயா, ‘வேர்ச்சாயம்’, என்றே அதற்குப் பெயர். நம்மூர்ச் சாயவேரும் மஞ்சிட்டியும் அதே தாவரக் குடும்பம், சாயவேரில் சிவப்பைத் தரும் அலிசரின் இதிலும் உண்டு. கம்பளியைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு வேர்த்தூள் போட்ட அண்டாவில் சுடவைப்பார்கள். கொதிக்கவிட்டால் சிவப்பு பழுப்பாகிவிடும் என்பதால் அடுப்பை விட்டு நகர முடியாது. நீலம் அவுரிச் சாயம். பச்சை வேண்டுமென்றால் நீலத்தில் முக்கி, மஞ்சளிலும் முக்க வேண்டும்.

1856-ல் முதல் செயற்கைச் சாயம் வந்தது. 1859-ல் ஃபுக்ஸின் என்ற பளீர் இளஞ்சிவப்பு. அடுத்த இருபது முப்பது வருஷத்தில் இவை அனத்தோலியக் கிராமங்கள் வரை போய்விட்டன. வாரக்கணக்கில் வேர் தோண்டி, காயவைத்து, இடித்துக்கொண்டிருந்த பெண்களுக்குச் சந்தையில் பொட்டலமாகக் கிடைக்கும் சாயம் எப்பேர்ப்பட்ட நிம்மதியாக இருந்திருக்கும்! அதைச் சீரழிவு என்று இன்று வெளியிலிருந்து சொல்வது எளிது. ஆனால் அந்த ஆரம்பகாலச் சாயங்கள் நிற்கவில்லை. ஃபுக்ஸின் போட்ட இடம் மேலே சாம்பலாக வெளுத்திருக்கும். மயிரை விரலால் விலக்கி முடிச்சின் அடியைப் பார்த்தால் அங்கே மட்டும் அதே பளீர் நிறம் ஒளிந்திருக்கும். அப்படி இருந்தால் அந்தக் கம்பளம் 1859-க்கு முன்னால் நெய்ததாக இருக்கவே முடியாது. இதுவும் ஒரு தேதிதான். (அருங்காட்சியகத்தில் விரலை நீட்டாதீர்கள். இது கடையில் செய்ய வேண்டிய வேலை.)

இதே காலத்தில் ஐரோப்பாவின் தேவை ஏறிக்கொண்டே போனது. ஹெரெகேயில் 1843-ல் தொடங்கிய அரசு ஆலை 1891-ல் கம்பளமும் நெய்ய ஆரம்பித்தது. உஷாக்கில் உள்ளூர் முதலாளிகள் நீராவி நூற்பாலைகள் வைத்தார்கள். வீட்டில் கையால் நூற்றுக் கூலி வாங்கிய பெண்களுக்கு வேலை போயிற்று. 1908-ல் அவர்கள் பிள்ளைகளோடு திரண்டு போய் மூன்று ஆலைகளுக்குள் புகுந்து இயந்திரங்களை உடைத்தார்கள். கண்காட்சிகளில் இந்தச் சம்பவம் எவ்வளவு தூரம் வருகிறதோ தெரியாது, ஆனால் என் கணக்கில் ‘உஷாக்’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் பதக்கத்தோடு அந்தப் பெண்களும் நினைவுக்கு வரவேண்டும்.

பொட்டலச் சாயம் வந்து நூறு வருஷத்தில் வேர்ச்சாயக் கைப்பக்குவம் பெரும்பாலான கிராமங்களில் மறந்துபோனது. இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்த ஹரால்டு போமர் என்ற ஜெர்மானிய வேதியியல்காரர் பழைய கம்பளங்களின் நூலைப் பகுத்துப் பார்த்து, எந்தச் செடி, எந்தச் சாயம் என்று பட்டியல் போட்டார். பிறகு 1981-ல் மர்மரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சனக்கலே மாகாணத்தின் அய்வாஜிக் பகுதியில் ‘தோபாக்’ திட்டம் தொடங்கியது. செடிச் சாயம் போடுவதைக் கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. வடிவம், வண்ணச் சேர்க்கை எதிலும் தலையிடவில்லை, அது அவர்களுக்குத் தெரிந்ததுதான். அதை ஒட்டிப் பெண்களே உறுப்பினர்களாக ஒரு கூட்டுறவுச் சங்கமும் வந்தது.

அர்த்தம் சொல்பவர்களிடம் கவனம்

வழிகாட்டிகள் விட மாட்டார்கள். இடுப்பில் கைவைத்து நிற்பது போன்ற வடிவம் தாய்மை, ஆட்டுக்கொம்பு வீரம், தேள் வடிவம் தேளுக்குக் காப்பு, காதணி கல்யாண ஆசை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் வைத்திருப்பார்கள். பெயர்கள் உண்மை. நெய்யும் பெண்களே ‘எலிபெலிந்தெ’, இடுப்பில் கை, என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பெயர் வேறு, அர்த்தம் வேறு. ஒரே வடிவத்துக்கு அடுத்த ஊரில் வேறு பெயர் இருக்கும். பல வடிவங்கள் பாட்டி நெய்தாள், நானும் நெய்கிறேன் என்ற அளவில் வந்தவை.

இதில் எவ்வளவு தூரம் வழுக்கலாம் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1960-களில் சத்தல்ஹோயுக் என்ற புதிய கற்கால ஊரைத் தோண்டிய ஜேம்ஸ் மெலார்ட், கிலிம் வடிவங்கள் அங்கிருந்த 8,000 வருஷத்துக்கு முந்தைய சுவரோவியங்களிலேயே இருந்தன, எல்லாம் தாய்த்தெய்வத்தின் உருவங்கள் என்று 1980-களில் எழுதினார். கம்பள வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்தச் சுவரோவியங்களுக்குப் புகைப்படம் இல்லை, அவர் கையால் வரைந்த படங்கள்தான் இருந்தன. அறிஞர்கள் பலர் அப்போதே நம்பவில்லை. 2012-ல் அவர் இறந்தார். அவர் வீட்டில் இருந்த தாள்களைப் பார்த்தவர்கள், அந்தப் படங்களை அவரே உருவாக்கிப் பழகிய சுவடுகள் இருப்பதாக 2018-ல் அறிவித்தார்கள். தாய்த்தெய்வக் கதை மட்டும் கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அர்த்தத்தை விட்டுவிட்டு நான் பார்ப்பது மூலைகளை. காகிதத்தில் வரைந்து கொடுத்து நெய்த அரண்மனைக் கம்பளத்தில் கரை வடிவம் நான்கு மூலையிலும் அளவெடுத்தது போலத் திரும்பும். கிராமத்துக் கம்பளத்தில் திரும்பாது. கீழ்க்கரை பாதிப் பூவில் முட்டி நிற்கும், பக்கத்துக் கரை அதைக் கண்டுகொள்ளாமல் மேலே ஏறிப் போகும். பிறகு மேல்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் நான்கு எண்கோணம் வரவேண்டும், முதல் மூன்றும் ஒரே அளவில் இருக்கும். நான்காவது மட்டும் உயரம் குறைந்து, யாரோ மேலே உட்கார்ந்தது போல அமுங்கியிருக்கும். பாவு அங்கே தீர்ந்துகொண்டு வந்திருக்கிறது. அவள் அண்ணாந்து பார்த்து, மீதி எத்தனை விரற்கடை என்று கணக்குப் போட்டு, முடிச்சு வரிசைகளைக் குறைத்து, எப்படியோ கரையையும் கட்டி முடித்துத் தறியிலிருந்து அறுத்து எடுத்திருக்கிறாள்.